ஆளுக்கொரு பாட்டில்

மேலப்பாளையத்தில் இப்போதெல்லாம் வலீமா என்கிற கல்யாண விருந்துக்குப் போய் வந்தவரிடம் கறி வெந்திருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் பாட்டிலில் பேர் போட்டிருந்தார்களா என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை பேர், பெண் பேர், தேதி, ஓரத்தில் இரண்டு ரோஜாப்பூ. உள்ளே இருப்பது என்னவோ எல்லா பாட்டிலிலும் இருக்கிற அதே தண்ணீர்தான். ஆனாலும் பேர் இல்லாத பாட்டில் வைத்தவன் பஞ்சத்தில் அடிபட்டவன் என்பது ஊர்த் தீர்ப்பு.

அலி அக்பருக்கு அந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம். பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் சிமெண்டு மூட்டைகளோடு காலம் தள்ளிவிட்டு வந்து, பஜாரில் கைலிக் கடை போட்டிருக்கிறவர். தாராளமான மனுஷன். தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாய் நிற்பார். ஒரே ஒரு வியாதி உண்டு: நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது. அந்த நாலு பேரில் ஒருவர் வெள்ளைக்காரராக இருந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

இந்த மாசியில் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களோ பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள்.

அவருடைய ஒரே மகள் ஸமீஹா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி வருஷம் படிக்கிறாள். அந்தக் கல்லூரிக்கு டென்மார்க்கிலிருந்து பதினொரு மாணவர்கள், ஹென்ரிக் என்கிற பேராசிரியரோடு படிப்புப் பயணமாக வந்திருந்தார்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் சாதாரண ஜனங்கள் அன்றாடம் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று வீடு வீடாகப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பாடம். பதிலுக்கு ஜூன் மாதம் இந்தக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் டென்மார்க்குக்குப் போகலாம். மூன்று வாரம், செலவெல்லாம் அவர்களுடையது. ஐந்து பேர் பட்டியலில் இருந்தார்கள். யார் அந்த இரண்டு பேர் என்பதை ஹென்ரிக் ஊருக்குத் திரும்புவதற்கு முன் சொல்லிவிட்டுப் போவார்.

ஐவரில் ஸமீஹாவும் ஒருத்தி. அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான், அந்த வீட்டில் ஒரு நாள் சாப்பிட வேண்டும் என்று ஹென்ரிக் தானாகக் கேட்டார். கட்டுரையில் அவள் எழுதியிருந்தது சஹனைப் பற்றி. சஹன் என்பது தாம்பாளம் மாதிரி ஒரு பெரிய தட்டு. நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிடுவார்கள். 'நாலு பேர் சாப்பிட்டால் கழுவ ஒரு தட்டுதான். யாரும் மீதம் வைப்பதில்லை. வைத்தால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் ஹென்ரிக் கோடு போட்டிருந்தாராம். இதைக் கல்லூரியில் ஃபிளோரா மேடம் சொன்னதிலிருந்து ஸமீஹா தரையில் நடக்கவில்லை.

"வாப்பா, அவங்க சஹன்ல சாப்பிடணும்னுதான் வாராங்க" என்று அவள் வீட்டில் வந்து சொன்னாள்.

அலி அக்பர் சிரித்தார். "ஒனக்கு விவரம் பத்தாதும்மா. எழுதுதது வேற, திங்கது வேற. அடுத்தவன் கை பட்ட சோத்த வெள்ளக்காரன் தொடுவானா? ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு பாட்டில். அதான் மரியாத."

"அவங்களே கேட்டிருக்காங்க வாப்பா."

"ஒரு பேச்சுக்குக் கேப்பாங்க. நாம அதப் புடிச்சிக்கிட்டுத் தொங்கப்பிடாது."

அடுக்களையிலிருந்து ஜுபைதா பீவி தலையை நீட்டினாள். "அப்ப பீங்கான் தட்டு இருக்குல்லா? பரண்ல அறுபது கெடக்கு. நான் கழுவி எடுத்துக்கிடுதேன்."

"ஏளா, நீ சும்மா இரி. வந்தமா, தின்னமா, போட்டமான்னு இருக்கணும். எச்சித் தட்ட அடுக்கி வச்சிக் கழுவிக்கிட்டு இருந்தா வந்தவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க."

அவர் இப்படிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. ஷார்ஜா கேம்பில் ஒரு பெருநாள் அன்று, வழியோடு போன வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவரை அலி அக்பர்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். தரையில் சஹன் வைத்திருந்தது. மூன்று பேர் உட்கார்ந்து நாலாவது இடத்தை அவருக்காக விட்டிருந்தார்கள். அந்த மனிதர் தட்டைப் பார்த்தார், மூன்று கைகளைப் பார்த்தார். 'நான் சாப்பிட்டாயிற்று' என்று சொல்லிவிட்டு, எதையுமே தொடாத தன் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அலி அக்பருக்குத்தான் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. வருஷம் இருபது ஆகப்போகிறது. அந்தக் கைக்குட்டையின் நீலக் கட்டம்கூட அவருக்கு மறக்கவில்லை.

ஆகவே சாப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பே ஏற்பாடெல்லாம் முடிந்தது. உள்ளே வெள்ளிப் பூச்சு பூசிய தாள் தட்டு நூறு, கிண்ணம் இருநூறு, பிளாஸ்டிக் கரண்டி, டம்ளர், மேசையில் விரிக்கப் பாலிதீன் சுருள். கடைசியாக பாட்டில். அச்சாபீசில் உட்கார்ந்து அவரே வாசகம் சொன்னார். மேலே டென்மார்க் கொடி. அதற்குக் கீழே 'நல்வரவு, அலி அக்பர் இல்லம், மேலப்பாளையம்.' அதற்கும் கீழே, இதுதான் அவருடைய மூளை, வருகிற விருந்தாளி ஒவ்வொருவரின் பேரும் இங்கிலீஷில் தனித்தனியாக. ஒருவர் பாட்டிலை இன்னொருவர் மாற்றி எடுத்து வாய் வைத்துவிடக் கூடாதே. பேர்ப் பட்டியலை ஸமீஹாவிடம் கேட்டு வாங்கினார். சட்டையில் குத்தும் அட்டைக்காக இருக்கும் என்று நினைத்து அவளும் கொடுத்துவிட்டாள். விருந்துக்கு மறுநாள் காலை எந்த இடத்தில் என்ன வேலை நடக்கப்போகிறது என்றும் அப்போது அவள் சொல்லத்தான் செய்தாள். அச்சாபீஸ்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர் காதில் அது விழவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். இரண்டு நாள் பாபநாசத்தில் தங்கி, மலையை விட்டு இறங்குகிற ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆளாளுக்குத் தோளில் ஒரு எவர்சில்வர் தண்ணீர்க்குப்பி. அதை முதல் வேலையாக அலி அக்பர் வாங்கி அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டார். அவர்கள் கொடுக்கத் தயங்கியதை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். மேசையில் தங்கள் பேர் போட்ட பாட்டிலைப் பார்த்ததும் அவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நெய்ச்சோறு, கறி ஆணம், தால்ச்சா, பொரித்த கோழி. தாள் தட்டுகள் எடை தாங்காமல் வளைந்தன, ஒன்றுக்கு இரண்டாக அடுக்கிக் கொடுத்தார். பாதி குடித்த பாட்டிலைக் கண்டால் எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். தெருவிலிருந்தும் சொந்தத்திலிருந்தும் முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தார், பார்ப்பதற்கு ஆள் வேண்டாமா.

சாப்பாட்டின் நடுவில் ஹென்ரிக் ஸமீஹாவிடம் ஏதோ கேட்டார். அலி அக்பருக்குக் கேம்ப் இங்கிலீஷ் தெரியும், கேட்டால் புரியும். நீ எழுதிய அந்தப் பெரிய தட்டு எங்கே என்றுதான் அவர் கேட்டார்.

ஸமீஹா வாப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அது கல்யாணத்துக்கு மட்டும்தான் எடுப்போம் என்று சொன்னாள். ஹென்ரிக் 'ஓ' என்றார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. பரணில் இரண்டு சஹன் கவிழ்ந்து கிடந்தது. முந்தின வெள்ளிக்கிழமைதான் அதில் சாப்பிட்டிருந்தார்கள்.

பெத்த பிள்ளையைத் தன் கண்ணெதிரே பொய் சொல்ல வைத்தோமே என்று அலி அக்பருக்குத் தோன்றியதா என்றால், இல்லை. கெட்டிக்காரி, சமாளித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

சாப்பிட்டு முடித்ததும் ஃப்ரேயா என்ற பெண் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கழுவுவது என்று கேட்டாள். அலி அக்பர் பாய்ந்துபோய் வாங்கினார். "நோ வாஷ், நோ வாஷ்! ஒன்லி துரோ!" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் கிளம்பும்போது மணி நாலு. உரச்சாக்கில் ஐந்து சாக்கு சேர்ந்திருந்தது. சோறும் எலும்பும் தாளும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசைந்து கிடந்தது. குப்பை வண்டி காலையில்தான் வரும். வந்தாலும் மக்குகிற குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று பிரித்துக் கொடுக்காவிட்டால் வண்டிக்காரப் பெண் தொட மாட்டாள். ஜுபைதா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் ஒரு சாக்கைக் கவிழ்த்து, கையால் பிரிக்க உட்கார்ந்தாள்.

"ஏளா, உள்ள போ! தெருவே பாக்கு. விருந்து வச்ச வீட்டுப் பொம்பள எச்சியப் பொறுக்குதான்னு பேசணுமா?"

"பாத்தாப் பாக்கட்டும். பாதியாவது இப்பப் பிரிச்சி வச்சாத்தான் காலைல ஆகும்."

"காலைல அவங்க வேன்ல இந்த வழியாத்தான் மகளக் கூப்பிட வருவாங்க. வாசல்ல இந்த நாத்தம் கெடக்கணுமா? நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் தெரு காலியாகும். ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள், பெண்கள் உள்ளே தொழுகையில் இருப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் எவனும் எவனையும் பார்ப்பதில்லை. வாழ்நாளில் அந்த நேரத்தில் தெருவில் நின்றறியாத அலி அக்பர், அன்றைக்கு ஸ்கூட்டரில் சாக்கை ஏற்றினார். மூன்று நடை. பாளையங்கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டார். ஏற்கெனவே அங்கே கிடக்கிற குப்பையோடு இதுவும் குப்பை. தண்ணீர் ஓடுகிறது, கொண்டுபோய்விடும் என்று நினைத்துக்கொண்டார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய், ஜமாஅத் தொழுகை முடிந்த பள்ளியில் ஒரு தூணோரமாகத் தனியே தொழுதார்.

"எங்கங்க சாக்கு?" என்று ஜுபைதா கேட்டாள்.

"லோடு ஆட்டோக்காரன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். உரக் கெடங்குக்குக் கொண்டு போறானாம்."

கூசாமல் சொன்னார். அவள் நம்பினாள். கட்டிக்கொண்டு முப்பது வருஷம் ஆனவள், நம்பாமல் என்ன செய்வாள்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸமீஹாவிடமிருந்து போன் வந்தது. "வாப்பா, சார் ஒங்களையும் கூப்பிடுதாரு. மதகுகிட்ட நிக்கோம். வாங்க."

நேற்றைய விருந்துக்கு நாலு பேர் முன்னால் நன்றி சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவிக்கொண்டு புறப்பட்டார்.

மதகு என்பது பாலத்துக்குக் கிழக்கே இரண்டு தெரு தாண்டி, கால்வாய்க்குக் குறுக்கே இருக்கிற பலகை. மேலே விட்ட தண்ணீர் எதைக் கொண்டுவந்தாலும் அதில் வந்து முட்டி நிற்கும். பாலத்தில் நின்று போடுகிறவன் எவனும் அங்கே போய்ப் பார்க்கிறதில்லை. அலி அக்பரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்.

கரையில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. மாணவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, கால்வாயிலிருந்து கொக்கியால் இழுத்த குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளில் கட்டம் போட்டிருந்தது. என்ன பொருள், எத்தனை, யாரிடமிருந்து வந்தது, ஏன் இங்கே வந்தது. ஸமீஹா அந்தத் தாளை அட்டையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே அருணாசலம் டீக்கடையில் பாதித் தெரு நின்று வேடிக்கை பார்த்தது.

தார்ப்பாய் ஓரத்தில் ஒரு உரச்சாக்கு, கீழே சகதியில் இன்னும் நாலு. வாயைக் கட்டியிருந்த சிவப்புத் துணிக்கரை அவர் கடைக் கைலியில் கிழித்தது.

அலி அக்பர் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் ஹென்ரிக் கையை ஆட்டிவிட்டார். யா அல்லாஹ், அந்தச் சாக்கை மட்டும் அவிழ்க்கக் கூடாது என்று மனசுக்குள் துஆ கேட்டார். தொழுகை நேரத்தைத் திருடிச் செய்த காரியத்துக்கு எந்த முகத்தோடு துஆ கேட்பது என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஃப்ரேயாதான் அவிழ்த்தாள். சோறு ஊறி நாறிப்போயிருந்தது. தட்டுகள், கிண்ணங்கள், கரண்டிகள். பிறகு ஒரு பாட்டில். அதைத் துடைத்துப் பார்த்தவள் முதலில் சிரித்தாள். "இது நான்!" என்று தூக்கிக் காட்டினாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள். பக்கத்தில் இருந்தவன் ஒன்றை எடுத்தான், அவன் பேர். அடுத்தவளுக்கு அவள் பேர். பரிசளிப்பு விழாவில் பேர் வாசிக்கிற மாதிரி ஒவ்வொருவராகத் தங்கள் பாட்டிலைக் கண்டுபிடித்தார்கள். நாலாவது ஐந்தாவது பேருக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ஹென்ரிக் கையிலும் ஒன்று வந்தது. அவர் அதை நிதானமாகத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

டீக்கடையிலிருந்து அருணாசலத்தின் குரல் வந்தது. "ஏ, இது நம்ம அலி அக்பர் அண்ணாச்சி வீட்டுப் பாட்டிலுல்லா!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். பூசணிக்காயில் பேரையும் எழுதி மறைத்தவனைப் பார்த்து என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஸமீஹா வாப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள். இது எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அப்புறப்படுத்துகிற வேலை என்னுடையது. நான்தான் செய்தேன்.

ஃபிளோரா மேடம், "ஸமீஹா!" என்றார்.

அலி அக்பருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நேற்று சஹனை மறைக்க ஒரு பொய், இன்றைக்கு வாப்பாவை மறைக்க ஒரு பொய். டென்மார்க்கை அவள் அந்த இடத்திலேயே கால்வாயில் போட்டுவிட்டாள். தான் வாயைத் திறந்தால் அவளுக்கு அது மிச்சமாகும். திறந்தால், மஃரிப் நேரத்தில் அலி அக்பர் எங்கே இருந்தார் என்பது இன்றைக்கே பள்ளிவாசல் முழுக்கத் தெரிந்துவிடும்.

நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமென்றால், அவர் வாயைத் திறக்கவில்லை. மகள் பழியைத் தலையில் சுமந்துகொண்டு நிற்க, அத்தர் வாசனையோடு சும்மா நின்றார். இன்னும் இரண்டு பேர் தங்கள் பாட்டிலைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நின்றார். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்து இன்றைக்கும் அவர் தன்னந்தனியாகக் கூசுகிறார்.

ஸமீஹா அட்டையை மேடத்திடம் கொடுத்துவிட்டு, அடுத்த சாக்கை இழுக்கச் சகதியில் இறங்கினாள். கையுறை விருந்தாளிகளுக்குப் பத்தாமல் போனதால் அவள் கையில் இல்லை. வெறுங்கையால் அந்தச் சிவப்புக் கரையைப் பிடித்து இழுத்தாள். புர்காவின் கீழ்ப்புறமெல்லாம் கறுப்புத் தண்ணீர். உள்ளேயிருந்து ஒரு எலும்பு அவள் மணிக்கட்டில் வழுக்கி விழுந்தது. அது அவர் தின்றுபோட்ட எலும்பாகக்கூட இருக்கலாம்.

"சார்" என்றார் அலி அக்பர். "சார், மை டாட்டர் நோ. மீ. ஐ துரோ. எஸ்டர்டே. ப்ரேயர் டைம்."

கடைசி இரண்டு சொல் டீக்கடைக்கும் புரிந்தது. கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

ஹென்ரிக் கோபப்படவில்லை. ஒரு வசவு வைதிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, மெதுவாக, புரியும்படி பேசினார். இதே வேலையை நாலு தேசத்தில் செய்திருக்கிறோம், கொட்டியவர் ஒருநாளும் எதிரே நின்றதில்லை, கடைசிக் கட்டம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும், நீங்கள் நிரப்பித் தருவீர்களா என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் அலி அக்பரைக் கொன்றது.

ஸமீஹா சகதியிலிருந்து ஏறி வந்து அட்டையை வாங்கிக்கொண்டாள். "ஏன்னு கேக்காரு வாப்பா. காரணம் எழுதணுமாம்."

"புரியுதும்மா."

குப்பை வண்டி வரவில்லை என்று சொல்லலாம். நேரமில்லை என்று சொல்லலாம். ஊரே இங்கேதான் போடுகிறது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. அவருக்கு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஞாபகம் வந்தது. அதை இந்த வெயிலில் இவ்வளவு பேர் முன்னால் எடுத்து விரிக்க முடியாது.

"வெக்கம்னு எழுதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக. "எதுக்கு வெக்கம்?"

"சஹன எடுக்க வெக்கம். அதான் இந்தத் தட்டு. தட்டு வாசல்ல கெடந்தா வெக்கம். அதான் இங்கன. வேற ஒண்ணுமில்ல. எழுது."

அவள் எழுதினாள். அதுவரை அவிழ்த்த சாக்குக்கு மட்டுமே பதினாலு வரி ஆகியிருந்தது. தட்டு, கிண்ணம், கரண்டி, டம்ளர், பாலிதீன் சுருள், பாட்டில், மூடி. முதல் வரியில் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு, மற்ற பதின்மூன்று வரியிலும் 'மேற்படி' குறி போட்டுக்கொண்டே கீழே போனாள்.

அலி அக்பர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு மிச்சச் சாக்குகளைத் தானே இழுத்துப் போட்டார். யாரும் தடுக்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. டீக்கடையில் நின்ற கூட்டம் பைய நகர்ந்தது. அவர் கடைக்குப் போகாமல், மத்தியானம் வீட்டுக்கும் போகாமல், லுஹர் தொழுகைக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்குப் போனார்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து ஃபிளோரா மேடம் அவருக்கே போன் செய்தார்.

"டென்மார்க்குக்கு டார்லினும் அஸீலாவும் போறாங்க அண்ணாச்சி. ஒங்ககிட்ட நானே சொல்லணும்னு தோணுச்சு."

"நேத்து நான் செஞ்சதுக்கா மேடம்? அவ மேல தப்பு இல்லன்னு நான்தான் சொன்னேன்லா?"

"அதுக்கில்ல. அதச் சொன்னதுக்கு சார் ஒங்கள நல்லவிதமாத்தான் சொன்னாரு." மேடம் தொடர்ந்தார். "அவ கட்டுரையில சஹன் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் பழக்கம்னு எழுதியிருந்தா. ஒங்க வீட்டுல வச்சி, கல்யாணத்துக்கு மட்டும்தான்னு அவ வாயாலயே சொல்லிட்டா. எழுதுனது ஒண்ணு, வீட்டுல நடக்கது ஒண்ணுன்னு அவரு நெனச்சிட்டாரு. நான் எடுத்துச் சொன்னேன். அவரு பட்டியலக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு."

மேடம் போனை வைத்த பிறகும் அலி அக்பர் அதைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கால்வாய்ப் பொய்யை உடைத்துவிட்டோம், அதோடு தீர்ந்தது என்று பகல் முழுக்க ஒரு சின்ன ஆறுதலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கவிழ்த்தது அந்தப் பொய் இல்லை. சாப்பாட்டு மேசையில், அவர் கண்ணசைவுக்கு அவள் சொன்ன பொய். அதை உடைக்க வேண்டும் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதைப் பொய் என்றே அவர் எண்ணியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஜுபைதா பரணிலிருந்து சஹனை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். நேற்று மிஞ்சிய கறி ஆணத்தைச் சூடுபண்ணி, வெறுஞ்சோறு வடித்திருந்தாள். உம்மாவும் மகளும் தட்டின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பக்கம் சோறு குவித்து வைத்திருந்தது. ஸமீஹா தலைக்குக் குளித்திருந்தாள். முகத்தில் அழுத தடம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மேடம் சொன்னாங்களா வாப்பா?"

"சொன்னாங்க."

"சரி. வாங்க, உக்காருங்க. ஒங்களுக்காகத்தான் இன்னும் கை வைக்காம இருக்கோம்."

குறை சொல்லவில்லை. குத்தலும் இல்லை. காலையில் அந்தச் சாக்கை இழுத்த வலது கையைத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாள். மணிக்கட்டில் சிவப்புக் கரை அறுத்த கோடு தெரிந்தது.

அந்தக் கைக்கு எதிரே தன் கையைக் கொண்டுபோய் வைக்க அலி அக்பரால் முடியவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், நின்ற இடத்தில் நின்றபடியே, "நான் சாப்பிட்டாச்சும்மா" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. தன் கையைப் பார்த்தார். அது கைலியில் துடைத்துக்கொண்டிருந்தது.

ஜுபைதா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு பிஸ்மில்லாஹ் சொன்னாள். இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் சாப்பிட்டார்கள். அவர் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.